முற்றத்துக்கு ஒரு கமுகுச் செர்ரி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இரண்டே வரிதான் எழுதினேன். லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு முன்வளவில் நிற்கும் ஒடுக்கமான செர்ரி மரம் பூத்துவிட்டது, அதன் பெயர் அமனொகாவா என்று. தக்காளிக்கும் கறிவேப்பிலைக்கும் வழக்கமாக வருவதை விட அதிகமான கடிதங்கள் இந்த இரண்டு வரிக்கு வந்திருக்கின்றன. கறிவேப்பிலைக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பக்கம் முழுவதும் செர்ரிக்குத்தான்.

வெம்பிளியில் செமி வீடு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. முன்பக்கம் 5 மீட்டர் ஆழம். காருக்கு வழி விட்டால் வேலியோரம் மிஞ்சுவது 2 மீட்டர் அகலத் துண்டு மட்டும். அதில் ஒரு செர்ரி நட மகள் ஆசைப்படுகிறாள். ஆனால் பக்கத்து வீட்டுச் செர்ரி நடைபாதையையே தூக்கிவிட்டது, கிளை எங்கள் ஜன்னல்வரை வருகிறது. பயமாக இருக்கிறது அக்கா. (வாசகி, வெம்பிளி)

பயப்படுவது நியாயம்தான். பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் கன்சான் என்ற இனமாக இருக்கும். ஏப்ரல் கடைசியில் லண்டன் தெருக்களில் கடும் இளஞ்சிவப்பாக, அடுக்கடுக்கான பூவோடு நிற்குமே, அதுதான். இளமையில் அது இரண்டு கையையும் மேலே தூக்கினாற்போல் ஒடுக்கமாக நிற்கும். வயது போகப்போக விரிந்து, பத்து மீட்டர் உயரமும் கிட்டத்தட்ட அதே அகலமும் ஆகிவிடும். வேரும் மேலாகவே ஓடும். சின்ன முற்றத்தில் வைக்கக்கூடிய மரம் இல்லை அது.

உங்கள் துண்டு நிலத்துக்கு அமனொகாவா. ஜப்பானிய மொழியில் அமனொகாவா என்றால் வானத்து ஆறு. இரவில் தெரியும் பால்வீதிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நாம் ஆகாய கங்கை என்கிறோம். இரண்டு ஊர்க்காரரும் மேலே பார்த்து ஆற்றையே கண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மரம் பூத்து நிற்கும்போது பெயர் எப்படி வந்தது என்று விளங்கும். கிளைகள் நேர் மேலே போகும், பூங்கொத்துகளும் கீழே தொங்காமல் மேல்நோக்கியே நிற்கும். வெளிர் இளஞ்சிவப்பு, பாதி அடுக்கு. கிட்டப் போய் நின்றால் மெல்லிய மணமும் வரும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி வீட்டுத் தோட்டத்துக்கு நல்லது என்று விருது கொடுத்த மரங்களில் இதுவும் ஒன்று.

உருவத்துக்கு ஊர்க் கமுகை நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஆனால் கமுகுக்குக் கிளை கிடையாது. இது அடியிலிருந்தே கிளைவிட்டு, எல்லாக் கிளையும் ஒன்றையொன்று அணைத்தபடி ஏறும். 2006 நவம்பரில் என் தோள் உயரத்தில் நட்டது, பத்து வருடத்தில் 4 மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் ஆனது. இப்போது 6 மீட்டர். அகலம் 2 மீட்டரைத் தாண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். பார்க்காமல் விட்டால் கடைசியில் 8 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அகலமும் வரும். ஒடுக்கமான மரம் என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. எவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்பது முதல் ஐந்து வருடம் நீங்கள் பார்க்கிற பார்வையில் இருக்கிறது.

வெம்பிளியும் எங்கள் ஹாரோ போலக் களிமண் பூமி. கோடையில் காய்ந்து சுருங்கும், மழைக்கு ஊதும். மரம் பக்கத்தில் நின்று தண்ணீரையும் உறிஞ்சினால் சுருக்கம் கூடி, அத்திவாரம் அசையலாம். அதனால் சுவரோரம் வேண்டாம், தெருப்பக்க வேலியோடு வையுங்கள். எங்களுடையது சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் நிற்கிறது. உங்களுக்கு நாலரையாவது கிடைக்கும். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் மரம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதை மேன்ஹோல் மூடியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கிண்ட வேண்டும்.

நடுவதற்கு நவம்பர் முதல் மார்ச்வரை நல்ல காலம். அப்போது மண் இல்லாமல் வேரோடு மட்டும் விற்கும் கன்றுகள் கிடைக்கும். சாடிக் கன்றை விட மலிவு, சீக்கிரம் பிடிக்கும். அடியிலிருந்தே கிளை உள்ளதாக, நடுத்தண்டு ஒன்று தெளிவாகத் தெரிவதாகப் பார்த்து எடுங்கள். கிடங்கு ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும். வேர் இருக்கும் ஆழம் போதும், அகலம் வேர் விரிவைப்போல் இரண்டு மூன்று மடங்கு. களிமண்ணில் கிடங்கு வெட்டி உள்ளே கொம்போஸ்ட்டை மட்டும் கொட்டி நிரப்பினால், மாரியில், அதாவது குளிர்காலத்தில், அது ஒரு கிணறாகிவிடும். வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வெட்டிய மண்ணையே நொறுக்கித் திருப்பிப் போடுங்கள். நான் ஊரிலிருந்து வந்த ஒருவர் தந்த அலவாங்கால் பக்கச் சுவரையெல்லாம் குத்தி உடைத்தேன். அதைப்போல் ஒரு கருவி இங்கே இல்லை. ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அப்புறம் ஒரு கட்டை ஊன்றி, தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் கட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு கோடையும் தண்ணீர் உங்கள் பொறுப்பு. மழை இல்லாத வாரத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு வாளி. அரிசி கழுவிய தண்ணீரையும் நான் அதற்கே ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக் கிளை விஷயம்: உங்கள் எல்லைக்குள் வந்த பகுதியை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதலில் கவுன்சிலில் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட மரமாக இருந்தால் அனுமதி வேண்டும். பழமையைக் காக்கும் வலயம் (conservation area) என்று கவுன்சில் குறித்த தெருவென்றால் ஆறு வாரம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், அவர்கள் கதவைத் தட்டிப் பேசுங்கள்.

அன்ரி, நாங்கள் நாலாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். பால்கனியில் சாடியில் வைக்கலாமா? (வாசகர், பார்கிங்)

அமனொகாவாவைச் சாடியில் வைத்தால் நாலைந்து வருடம் நிற்கும், அப்புறம் வாடத் தொடங்கும். அது தரைக்குப் பிறந்த மரம். உங்களுக்கு கோஜோ நோ மாய் என்ற குட்டிச் செர்ரி பொருத்தம். சாடியில் ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும். குச்சிகள் கோணல்மாணலாக வளைந்து வளைந்து வளரும். மார்ச்சிலேயே, இலைக்கு முன்னால், வெள்ளையும் ரோசுமாகப் பூக்கும். பனி போன கையோடு பால்கனியில் பூவைப் பார்ப்பது என்ன சுகம் என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

50 சென்டிமீட்டர் வாயுள்ள சாடி எடுங்கள், அடியில் ஓட்டை கட்டாயம். ஜான் இன்னஸ் நம்பர் 3 என்று கேட்டால் மண் கலந்த கொம்போஸ்ட் தருவார்கள். வெறும் கொம்போஸ்ட் காய்ந்தால் திரும்ப நனையாது, காற்றுக்குச் சாடியும் சரியும். ஆனால் நனைந்த மண்ணோடு அந்தச் சாடி நூறு கிலோவைத் தொடும். கட்டடத்தைப் பராமரிப்பவர்களிடம் பால்கனி எவ்வளவு தாங்கும் என்று கேட்டுவிட்டு வையுங்கள். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். ஊருக்கு ஆறு வாரம் போனால் யார் ஊற்றுவது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவுசெய்யுங்கள்.

எங்கள் அமனொகாவாவுக்கு 9 வயது. போன மாரிப் பனியில் நடுவில் பிளந்ததுபோல் விரிந்துவிட்டது. கணவர் வரும் ஜனவரியில், ஆப்பிள் மரத்தை வெட்டும்போது இதையும் மேலே வெட்டிவிடுகிறேன் என்கிறார். (வாசகி, க்ராய்டன்)

தயவுசெய்து அவர் கையிலிருந்து கத்தரியை வாங்கி வையுங்கள். ஆப்பிளுக்கு ஜனவரி சரி. செர்ரிக்கு ஜனவரி எமன்.

இதை நான் இழந்து கற்றேன். எங்களுடைய முதல் அமனொகாவாவை 1998இல் நட்டோம். மூத்தவள் முதல்நாள் பள்ளிக்கூடம் போன படத்தில் அந்தக் கன்று அவள் தலைக்கு மேலே ஒரு சாண் நிற்கிறது. 2002 ஜனவரியில், ஈரமான ஒரு சனிக்கிழமை, ஆப்பிளை வெட்டிய கையோடு இதையும் வடிவாக்குவோம் என்று ஏழெட்டுக் கிளையை வெட்டினேன். அந்த வருடம் நன்றாகப் பூத்தது. அடுத்த கோடையில் ஒரு பக்கத்து இலையெல்லாம் வெள்ளி பூசினாற்போல் மினுங்கியது. முதலில் அதை அழகு என்று நினைத்தேன். வெள்ளி இலை நோய் என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அது ஒரு காளான். ஈரமான இலையுதிர்காலத்திலும் மாரியிலும் அதன் வித்துகள் காற்றில் திரியும். வெட்டிய காயத்தால் உள்ளே போய் மரத்தைத் தின்னும். நோய் பிடித்த கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தேயிலைச் சாயம் போலக் கபில நிறம் தெரியும். கிளை கிளையாகக் காய்ந்து, 2004இல் முழு மரமும் போய்விட்டது. வேரைக் கிளப்பிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் செர்ரியில் கத்தரி படுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும். அதுவும் இரண்டு மூன்று நாள் மழை இல்லாத காலம் பார்த்து. அப்போது மரம் வேகமாக வளர்கிறது, காயமும் சீக்கிரம் மூடும். காளான் வித்தும் குறைவு.

இனி உங்கள் மரம். பிளந்தது என்கிறீர்கள். கவட்டில் பட்டை கிழிந்திருக்கிறதா, வெறும் விரிவு மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒடுக்கமான மரங்களில் கவடு மிகக் குறுகலாக இருக்கும். இரண்டு கிளைக்கும் நடுவில் பட்டை நெரிபட்டுக்கொண்டு, மரமும் மரமும் ஒட்டாமலே வளரும். பனியின் பாரம் விழுந்தால் அந்த இடம்தான் விடும். கிழிந்திருந்தால் இரண்டில் மெலிந்த கிளையை ஜூலையில் அடியோடு எடுப்பதே நல்லது. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்போல் ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு வெட்டுங்கள்.

விரிவு மட்டும் என்றால் கட்டலாம். கம்பி வேண்டாம், நைலோன் கயிறும் வேண்டாம். நான் பழைய நூல் சேலையை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருக்கிறேன். கீழிருந்து மேலாக, சுற்றிச் சுற்றி, கிளைகளைத் தளர்வாக உள்ளே அணைத்துக் கட்டுவேன். இரண்டு விரல் உள்ளே போக இடம் இருக்க வேண்டும். வருடா வருடம் அவிழ்த்து, இடம் மாற்றி, திரும்பக் கட்ட வேண்டும். மறந்துவிட்டால் துணி பட்டைக்குள் புதைந்து கிளையின் கழுத்தை நெரித்துவிடும். இதோடு, வெளியே சாய்ந்து போகும் கிளைகளை ஜூலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மேல்நோக்கிப் போகும் ஒரு பக்கக் குச்சிக்கு மேலே வெட்டி விடுங்கள். உச்சியை மட்டும் சமமாக வெட்டிவிடாதீர்கள். உச்சி வெட்டிய அமனொகாவா தும்புத்தடி போல் கிளம்பும், பிறகு அந்த உருவம் திரும்ப வராது.

ஒரு வேளை மரத்தை இழக்க நேர்ந்தால், அதே குழியில் இன்னொரு செர்ரியை வைக்காதீர்கள். பழைய வேர் இருந்த மண்ணில் புதிய செர்ரி முடங்கிப்போகும். நான் இரண்டாவது மரத்தை இரண்டு வருடம் கழித்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நட்டேன்.

தண்டில் முருங்கைப் பிசின் மாதிரி வடிகிறது, இலையில் துப்பாக்கி சுட்டதுபோல் ஓட்டைகள். மருந்து என்ன? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

வீட்டுக்காரர் அடிக்கக்கூடிய மருந்து இதற்கு இல்லை. பிசின் வடிவது எல்லாம் நோய் அல்ல. காயம் பட்டாலும், வேர் தண்ணீரில் நின்றாலும் செர்ரி பிசின் விடும். ஆனால் பிசினுக்குப் பக்கத்தில் பட்டை உள்ளே குழிந்து செத்திருந்து, இலையிலும் ஓட்டை இருந்தால் அது பாக்டீரியா புற்று. ஜூலை அல்லது ஆகஸ்டில் நல்ல மரம் தெரியும்வரை அந்தக் கிளையை வெட்டி எடுங்கள். கத்தரியை வெட்டுக்கு வெட்டு ஸ்பிரிட்டால் துடையுங்கள். மரத்தடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். நடுத்தண்டையே சுற்றி வளைத்துவிட்டதென்றால் காப்பாற்றுவது கஷ்டம்.

மரத்தடியில் வேறு இலையோடு குருத்துகள் கிளம்புகின்றன. அதை வளரவிட்டால் இன்னொரு அமனொகாவா வருமா? (வாசகி, ஸ்லவ்)

வராது. அது ஒட்டுக்கு அடிமரமாகக் கீழே உள்ள காட்டுச் செர்ரி. ஒட்டு மாங்கன்றில் அடிமரம் துளிர்த்தால் எப்படியோ, அப்படி. விட்டால் அது பலமாக வளர்ந்து மேலே உள்ளதை அமுக்கிவிடும். சின்னதாக இருக்கும்போதே, மண்ணை விலக்கி, பிறந்த இடத்திலிருந்து கையால் பிய்த்து எடுங்கள். வெட்டினால் ஒன்று இரண்டாகக் கிளம்பும்.

ஒட்டு என்றதும் சொல்ல வேண்டிய ஒரு கதை. கென்ட்டில் பெனென்டன் என்ற கிராமத்தில் காலிங்வுட் இங்கிராம் என்று ஒருவர் இருந்தார். 1880இல் பிறந்து 1981வரை வாழ்ந்தவர். செர்ரிக்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். ஜப்பானிலேயே அழிந்துவிட்ட தைஹாகு என்ற பெரிய வெள்ளைப்பூச் செர்ரி, சசெக்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் உயிர் ஊசலாடிக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வளர்த்து, ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார். கப்பலில் அனுப்பியவை வழியில் பிழைக்கவில்லை. கடைசியில் குச்சிகளை ஓர் உருளைக்கிழங்கில் குத்தி, ஈரம் போகாமல், சைபீரியா வழியாக ரயிலில் அனுப்பினார். 1932இல் அது ஜப்பான் மண்ணில் திரும்பவும் பிடித்தது. இன்று உலகத்தில் உள்ள தைஹாகு எல்லாம் அந்த ஒரே மரத்தின் குச்சிகள்தான். உங்கள் அமனொகாவாவும் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த ஒட்டு. அந்த முடிச்சைக் கவனமாகப் பாருங்கள்.

ஸ்காபரோவில் இது தாங்குமா? (வாசகர், கனடா)

ஒன்டாரியோக் குளிரில் எல்லையில் நிற்கிற மரம். மரம் பிழைத்தாலும், கடும் மாரிக்குப் பிறகு பூமொட்டு கருகிப்போகும் வருடங்கள் வரும். டொரொண்டோவின் ஹை பார்க்கில் டோக்கியோ மக்கள் 1959இல் கொடுத்த செர்ரிகள் வேறு இனம், சோமெய் யோஷினோ, விரிந்து வளர்வது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு முற்றத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். அமனொகாவாதான் வேண்டும் என்றால் வாடைக்காற்று படாத, வெயில் விழும் மூலையில் வையுங்கள். பனி தொடங்கும் முன் சேலைத்துணிக் கட்டு. தண்டின் தென்மேற்குப் பக்கம் மாரி வெயிலில் சூடாகி இரவில் உறைந்து வெடிக்கும், வெள்ளைச் சுற்றுத்துணி சுற்றிவிடுங்கள். நானாக இருந்தால் உங்கள் ஊருக்கு ஒடுக்கமான சர்விஸ்பெரி ஒன்றைத்தான் தேடுவேன். அந்த மண்ணின் மரம். வெள்ளைப் பூ, சாப்பிடக்கூடிய பழம், இலையுதிர்காலத்தில் நல்ல நிறம்.

மாமியார் கேட்கிறார்: பத்து நாள் பூவுக்காகப் பழம் தராத மரத்தை ஏன் வைக்கிறீர்கள்? அந்தப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா? யாழ்ப்பாணத்து வீட்டிலும் ஒன்று நடலாமா? (வாசகி, ரெடிங்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: யாழ்ப்பாணத்தில் முடியாது. மாரிக் குளிரில் மாதக்கணக்காக உறங்கி எழும்பினால்தான் இது பூக்கும். ஊரில் பிள்ளைகள் செர்ரி என்று பிடுங்கித் தின்பது ஜாம் பழம். அது வேறு மரம், நல்லாய்ப் பரந்து நிழல் தருவது.

பழத்தைப் பற்றி மாமி சொல்வதில் உண்மை இருக்கிறது. அமனொகாவாவில் எப்போதாவது பயறளவில் கறுப்பாக ஒன்றிரண்டு காய்க்கும், அது குருவிக்கு. ஆனால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஏப்ரலில் தளிர் செம்புப் பாத்திரம் தேய்த்த நிறத்தில் வரும். அதோடு பூ. அக்டோபரில் இலை மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக மாறி, ஒரு வாரம் அந்த மூலையே எரிவதுபோல் இருக்கும். இலை உதிர்ந்த பிறகு கீழே மாரி வெயில் விழும், அங்கே ஸ்னோடிராப், குரோக்கஸ் கிழங்குகளை நட்டால் பிப்ரவரியிலேயே பூ. கிழங்கை மரம் நடுகிற அன்றே நட்டுவிடுங்கள், பிறகு கிண்டினால் மேல்வேர் அறுபடும். இரண்டு மீட்டர் இடத்தில் இவ்வளவும் தருகிற வேறு மரம் எனக்குத் தெரியாது. அவருக்குப் பழம்தான் முக்கியம் என்றால் பின்வளவுச் சுவரோரம் அவருக்கு ஒரு ஆப்பிள் வைத்துக் கொடுங்கள். அவர் பெயரில் ஒரு மரம் நிற்கட்டும்.

சாமிக்குத் தாராளமாக வைக்கலாம். ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 14க்கு, இந்தப் பூ வந்து சேராது. பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் பிந்தும். எங்கள் வீட்டில் கொப்பு முறிப்பதில்லை. காலையில் வெள்ளைத் துணி ஒன்றை மரத்தடியில் விரித்துவிடுவேன், பத்து மணிக்குள் இதழ் நிறைய விழுந்திருக்கும். அதை அள்ளி, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, பிள்ளையாருக்கு முன்னால் வைப்பேன்.